மிதிவண்டிக்கு ஏற்ற வழி

திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் படிக்கும் மாணவர் சிலர் பூம்புகாரைக் காண விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து உண்டு, மயிலாடுதுறை வரையில் புகைவண்டியும் உண்டு. ஆயினும் மிதிவண்டியிலேயே சென்று வரவேண்டும் என்பது அவர்கள் ஆவல். கண்ணகியும் கோவலனும் புகாரிலிருந்து மேற்கு நோக்கிக் காவிரிக் கரையோடு நடந்து வந்த நாட்டை, கிழக்கு நோக்கிச் சக்கரத்தின்மேல் சென்று பார்க்கவேண்டும் என்று அவர்கள் பேசி முடித்துவிட்டனர். செய்தி வீட்டுக்கு எட்டுகிறது. தாய் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்த வழியாகப் போகப் போகிறாய்? லாரி ஓடுகிற ரோட்டிலா?"

இது அச்சம் மிகுந்த தாயின் பேச்சு என்று தள்ளிவிடத் தக்கதன்று. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 36 பேர் மாண்டது தேசிய நெடுஞ்சாலைகளில். அந்த நெடுஞ்சாலைகளின் நீளமோ நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றில் இரண்டு பங்கு அளவே. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தாய் கேட்ட கேள்விதான் பயணத்தின் முதற்கேள்வி என்பது விளங்கும். போகலாமா, கூடாதா என்று வாதிடுவதைவிட, எந்த வழி என்று விடை தேடுவதே அறிவுடைமை. அவ்விடையை எவ்வாறு தேடுவது என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெருஞ்சாலையில் உள்ள இடர் வண்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் வருவதன்று. வேக வேறுபாட்டால் வருவது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 4 மீட்டர் நகர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் வருகிறது. லாரி ஓட்டுநர் 100 மீட்டர் தொலைவில் உங்களைக் காண்கிறார் எனின், லாரி உங்களை எட்டுவதற்கு ஐந்தரை நொடிதான் உண்டு. அதற்குள் அவர் உங்களைக் கண்டு, எதிரே வருவதைக் கணித்து, பக்கத்தில் முந்துவோரைப் பார்த்து, விலகவேண்டும். அதே லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின் அவருக்குப் பதினான்கு நொடிக்குமேல் கிடைக்கும். மோதலின் விளைவும் அவ்வாறே. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆகவே, நாம் தேடவேண்டியது வண்டியே இல்லாத சாலை அன்று. அத்தகைய சாலை கிடைப்பதும் அரிது. வண்டிகள் மெல்லச் செல்ல நேர்கின்ற சாலையையே நாம் தேடவேண்டும்.

வளைவும் நெளிவும் உடையதாய், ஊர்களின் நடுவே புகுந்து செல்வதாய், ஒன்றரை வண்டி அகலமே உடையதாய் இருக்கும் சாலையில் லாரி விரையாது. விரைய நினைத்தாலும் எருமை விடாது. பள்ளமும் மேடுமாய் இருக்கிறதே என்று மோட்டார் ஓட்டுவோர் வெறுக்கும் சாலைகளுள் பல நமக்கு நல்லவை.

நம் நாட்டுச் சாலைகள் யாவும் ஓரினம் அல்ல. 1943-ஆம் ஆண்டில் நாகபுரியில் கூடிய பொறியாளர் மாநாட்டில் உருவான திட்டத்தைத் தொடர்ந்து, தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஊர்ச்சாலை என்று அவை படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளன. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை வழியோரக் கல்லே சொல்லிவிடும். கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ ஆயின் மாவட்டச் சாலை. செம்மஞ்சள் நிறமாயின் ஊர்ச்சாலை. எழுத்தறியாதவனும் வழியறிய வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அதியமான் பெருவழி என்னும் பழைய சாலையில் நாட்டப்பட்டிருந்த கல் ஒன்றில், 29 காதம் என்பதை எழுத்தில் பொறித்ததோடு, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கின்றனர். பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. இருளில் கையால் தடவியே தொலைவை அறியலாம்.

படி இறங்க இறங்க இடர் குறையும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால், ஒரு விலக்கை மறத்தலாகாது. நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில் ஓரமாகவேனும் சிறிது தார்த்தளம் மிஞ்சியிருக்கும். பல இடங்களில் அணுகுசாலையும் உண்டு. இரண்டே வழியுள்ள மாநில நெடுஞ்சாலைகள் சிலவற்றில், தார் முடியும் இடத்தில் அரையடிப் பள்ளம் தொடங்கும். எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வரும்போது மிதிவண்டிக்காரன் அப்பள்ளத்தில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. என்னைக் கேட்டால், இவ்வகைச் சாலையே எல்லாவற்றிலும் பொல்லாதது என்பேன். பச்சைக் கல்லைக் கண்டதும் மஞ்சள் கல்லைவிட நல்லது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நகரப் பேருந்தோ சிற்றுந்தோ செல்லும்; ஆனால் நெடுந்தொலைவு செல்லும் விரைவுப் பேருந்து செல்லாது. அத்தகைய சாலை நம் சாலை. பேருந்து செல்வதால் அது தொடர்ச்சியுள்ள சாலை என்பது உறுதி. விரைவுப் பேருந்து செல்லாமையால் அது விரைவுச் சாலை அன்று என்பதும் உறுதி.

இனி, திருச்சி மாணவர்களின் வழிக்கு வருவோம். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குத் துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. தஞ்சையிலிருந்து பாபநாசம் வழியாகக் கும்பகோணத்திற்கும், அங்கிருந்து ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறைக்கும் பெருஞ்சாலை உண்டு. வரைபடத்தில் தடித்த கோடாகத் தெரிவது இதுவே. யாரைக் கேட்டாலும் சொல்வதும் இதுவே. இதை விட்டு வேறு வழி காண்பதற்கு எங்கே தொடங்குவது?

பலர் புறப்படும் ஊரிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போவார்கள். அது தவறு. முதலில் பாலங்களைக் குறிக்கவேண்டும். மிதிவண்டி வரப்பிலும் செல்லும். வாய்க்காலைத் தோளில் சுமந்தும் கடக்கலாம். ஆற்றை மட்டும் பாலமில்லாத இடத்தில் கடத்தல் இயலாது. சிறு சாலைகள் எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்ததும் ஒடுங்கிப்போய், பாலம் இருக்கும் பெருஞ்சாலையில் சென்று சேர்ந்துவிடும். நெடுஞ்சாலையின் அணுகுசாலையும் பாலத்தருகே வந்ததும் முடிந்துவிடும். எனவே, பெருஞ்சாலையை விட்டு விலகமுடியாத இடங்கள் பெரும்பாலும் ஆற்றுப்பாலங்களும் இருப்புப்பாதைக் கடவுகளுமே ஆகும். அவ்விடங்களை முன்னரே குறித்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் சிறு சாலைகளைப் பின்னர் தேடினால் பாதி வேலை முடிந்தது.

காவிரியின் கழிமுகப் பகுதியில் இது எவ்வளவு உண்மை என்பதைத் திருவையாறே சொல்லும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கவேண்டும். தெற்கு வடக்காகச் செல்பவனுக்கு ஐந்து பாலங்கள். மேற்கு கிழக்காகச் செல்பவனுக்கோ ஒன்றும் வேண்டா. இதுவே நம் மாணவர்களுக்குக் கிடைத்த பேறு. ஆறுகள் எல்லாம் விரித்த கைவிரல்கள்போல் கிழக்கு நோக்கிப் பிரிந்து கடலை நோக்கிச் செல்கின்றன. இரண்டு விரல்களுக்கு இடையே புகுந்து, கரையோடு சென்றால் ஏற்றம் இல்லை. குறுக்கே வரும் சாலைகள் சில. மரநிழல் பல இடங்களில் உண்டு. ஆறு பள்ளத்தை நாடிச் செல்வது. அதன் கரையில் செல்பவன் நாள் முழுவதும், தான் அறியாமலே, மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறான்.

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருவானைக்காவல் சென்று, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிழக்கே திரும்பினால், உத்தமர்சீலி வழியாகக் கல்லணையை அடையலாம். வாழைத் தோட்டங்களின் நடுவே செல்லும் சாலை அது. காவிரியில் பெருவெள்ளம் வரும் நாளில் உத்தமர்சீலி அருகே நீர் சாலையைக் கடந்து கொள்ளிடத்தில் பாய்வதுண்டு. அந்நாளில் அவ்வழி கூடாது. கல்லணையில்தான் ஆறுகள் பிரிகின்றன. கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை வடக்கிலிருந்து தெற்காக அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் மூன்றும் பழையவை. நான்காவது, மேட்டூர் அணை முடிந்த 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முதியோர் அதனை இன்றும் புது ஆறு என்றே அழைப்பர். எந்தக் கரையில் இறங்குகிறோம் என்பதை இங்கே நின்று முடிவு செய்யவேண்டும். பின்னர் மாற்றுவது எளிதன்று. கொள்ளிடத்தைக் கடக்கத் திருமானூர், அணைக்கரை போன்ற சில இடங்களே உண்டு. கரை மாறிப் போனவனின் நிலையை நான் பட்டே அறிந்தேன். ஒருமுறை கல்லணைக்குக் கீழே பேச்சின் சுவையில் வேறொரு கரையில் இறங்கிவிட்டேன். நான் சேரவேண்டிய ஊரின் கோபுரம் எதிர்க்கரையில் நன்றாகத் தெரிந்தது. அங்கே துணி துவைத்தவர்களின் பேச்சும் கேட்டது. பாலமோ வெகு தூரத்துக்கு அப்பால் இருந்தது. அதனைக் கண்டு, கடந்து, மீண்டும் திரும்பி அக்கோபுரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு சேர்ந்து, பின்னர் திருப்பழனம், திங்களூர், கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று கும்பகோணத்தை அடையலாம். தஞ்சை, பாபநாசம் வழியாகச் செல்லும் பெருஞ்சாலைக்கு வடக்கே, காவிரியை ஒட்டிச் செல்லும் வழி இது. இவ்வூர்ப் பெயர்களைக் கேட்டவுடனே உங்களுள் சிலருக்கு ஓர் எண்ணம் தோன்றியிருக்கும். இவற்றுள் பல கோயில் ஊர்கள் அல்லவா? ஆம். சோழநாட்டில் தேவாரம் பெற்ற தலங்களைக் காவிரி வடகரைத் தலங்கள் 63, தென்கரைத் தலங்கள் 127 என்று நம் முன்னோர் கரையைக் கொண்டே வகுத்திருக்கின்றனர். தேவார மூவர் ஊர் ஊராகச் சென்று பாடிய நாடு இது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் வழி இன்றும் பெரும்பாலும் இருக்கிறது. சில இடங்களில் தார் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. கடவுள் நம்பிக்கை உடையவரோ அல்லரோ, காவிரி நாட்டில் மிதிவண்டி ஓட்டுபவர் கைக்கொள்ளத் தக்க வழிப்பட்டியல் அது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசர் பெயரால் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. கோயில் ஊர் எனின் குளம், நிழல், தேநீர்க்கடை, காற்றடிக்கும் கடை ஆகியவை அருகிருக்கும் என்று நாம் இன்றும் நம்பிச் செல்லலாம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே பெருஞ்சாலையை விட்டு விலக வேண்டுமாயின், ஆடுதுறைக்கு வடக்கே சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகிய ஊர்களை நாடலாம். ஒன்பது கோள்களின் கோயில்களுக்குச் செல்வோரின் மோட்டார் வண்டிகள் இப்போது அங்கும் மிகுதி. ஞாயிற்றுக்கிழமை செல்லாதீர்கள்.

வழியைத் தேர்வதற்கு வரைபடம் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் 1:50,000 என்ற அளவில் அமைந்தவை மிதிவண்டிக்காரனுக்கு மிகப் பொருத்தமானவை. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வண்டிப்பாதை, ஏரிக்கரை, ஆற்றுக்கரை, மதகு, கோயில், கிணறு என யாவும் அவற்றில் உண்டு. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்னும் ஆங்கிலேயர் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவையோடு தொடர்புடைய துறை அது. காவிரி நாட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. நிலமோ தட்டை, குன்றுகள் இல்லை, மரங்கள் பார்வையை மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களின்மேல் ஏறி அளக்கலானார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல், அரை டன் எடையுள்ள கோண அளவுக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதனை அவர் தம் கையாலேயே செப்பனிட்டு மீண்டும் அளந்தார். குன்றில்லா நாட்டில் திசை காட்டுவது கோபுரமே என்பதை அவர் கண்டார், நீங்களும் காண்பீர்கள்.

தாள் வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. அது அளந்த ஆண்டோடு நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, அகல இருப்புப்பாதைகளில் காவலாளி இல்லாத கடவுகள் யாவும் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நீக்கப்பட்டன. பழைய தாளில் இருப்புப்பாதையை எளிதாகத் தாண்டும் வண்டிப்பாதை இன்று அங்கே முட்டி நிற்கக்கூடும்; அல்லது தண்டவாளத்தின் கீழே சுரங்கப்பாதையாக மாறியிருக்கும். மழைக்காலத்தில் அச்சுரங்கப்பாதையில் இடுப்பளவு நீர் நிற்பதுண்டு. ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே வரைபடம் உண்டு. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தில், தன்னார்வலர் பலர் தம் ஊர்ச் சந்து பொந்துகளையெல்லாம் தாமே வரைந்து சேர்த்திருக்கின்றனர். வானிலிருந்து எடுத்த படங்களையும் பார்க்கலாம். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே வெளிறிய கோடு ஒன்று தெரிந்தால் அது கரைச்சாலை. ஆனால், வழி சொல்லும் பொறியைக் கண்மூடி நம்பலாகாது. மோட்டார் வண்டிக்கு வழி கேட்டால் அது விரைவான வழியைத் தேடும். விரைவான வழி நெடுஞ்சாலையே. நடந்து செல்பவனுக்கு வழி கேட்டால் அது குறுகிய வழியைத் தேடி, வயல் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தும். நம் தேவை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. மாலையில் அமர்ந்து, இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு, இடையிலுள்ள ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொள்வதே நல்லது. கைப்பேசி அணைந்தாலும் ஊர்ப்பெயர் அணையாது.

அப்பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால்தான் மனிதரிடம் வழி கேட்கவும் முடியும். வழி கேட்பது ஒரு கலை. "இந்தச் சாலை கபிஸ்தலம் போகுமா?" என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக்கூடாது என்று நம் மக்களுள் பலர் "போகும்" என்றே சொல்வார்கள். சுற்றிச் சுற்றிப் போனால் எல்லாச் சாலையும் கபிஸ்தலம் போகத்தானே செய்யும்? அவ்வாறு கேளாமல், "இந்தச் சாலை எங்கே போகிறது?" என்று கேட்கவேண்டும். மற்றொன்று. "பூம்புகாருக்கு எப்படிப் போவது?" என்றால், "மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறுங்கள்" என்பதே விடையாக வரும். அன்பினால் சொல்வதுதான். அடுத்த ஊரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கரைவழி கிடைக்கும். யாரைக் கேட்பது என்பதும் உண்டு. பால் ஊற்றச் செல்பவரும், தபால்காரரும், மீன் விற்பவரும் நாள்தோறும் இரண்டு சக்கரத்தில் அவ்வழியே செல்பவர்கள். எந்த மதகருகே கரை உடைந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "பக்கந்தான்" என்று அவர்கள் சொன்னால் மட்டும், ஐந்து கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வாறு வழி கேட்டுச் செல்வதும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில், உறையூருக்குத் தெற்கே செல்லப் புகுந்த கோவலன், எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோனை மதுரைக்கு வழி கேட்கிறான். அவன், கொடும்பாளூர்க் குளத்தருகே வழி மூன்றாகப் பிரிவதைச் சொல்லி, வலப்புறம், இடப்புறம், நடுவழி என்று ஒவ்வொன்றிலும் உள்ள மலை, காடு, நீர்நிலை, இடர் ஆகியவற்றை விரித்துரைக்கிறான். அதற்கு முன்னரே, புகாரின் புறத்தே, சோலைவழியில் சென்றால் பூ மூடிய குழிகளில் கால் தவறும் என்றும், வயல்வழியில் சென்றால் நண்டும் நத்தையும் மிதிபடும் என்றும் கவுந்தியடிகள் எடுத்துச் சொல்கிறார். வழிகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் இடரையும் எண்ணித் தேர்தல் என்னும் முறை அங்கேயே இருக்கிறது.

கவுந்தியடிகள் சொன்னதுபோல் சிறுவழிக்கும் தனி இடர்கள் உண்டு. முதலாவது முள். ஏரிக்கரை, ஆற்றுக்கரை எங்கும் சீமைக் கருவேல் மண்டிக்கிடக்கிறது. அதன் முள் புதிய டயரையும் துளைக்கும். கரைவழி செல்பவன் ஒட்டுப்போடும் சாமான்கள், மாற்று டியூப் இரண்டு, பம்பு ஆகியவை இல்லாமல் புறப்படலாகாது. டயரைக் கழற்றி மாட்டும் பழக்கம் வீட்டிலேயே பெற்றிருக்கவேண்டும். இரண்டாவது மண். கோடையில் பாறைபோல் இருக்கும் களிமண் கரை, ஒரு மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். மூன்றாவது அறுவடை. தைப்பொங்கலை ஒட்டி, ஊர்ச்சாலைகளில் நெல்லை உலர்த்துவார்கள், வைக்கோலைப் பரப்புவார்கள். வைக்கோல் சங்கிலியிலும் சக்கரக் கம்பியிலும் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். ஆண்டு முழுதும் உழைத்து ஒருவர் கண்ட நெல்லின்மேல் சக்கரம் ஏறக்கூடாது. இருள் நான்காவது. ஊர்ச்சாலையில் விளக்கில்லை, கரும்பு ஏற்றிய டிராக்டர் பெட்டியின் பின்னே சிவப்பு விளக்கு இருக்கும் என்றும் நம்பமுடியாது. பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடவேண்டும்.

சுற்றுவழி நேரம் மிகுதியாகக் கொள்ளுமே என்று கேட்கலாம். கொள்ளும். நெடுஞ்சாலையில் 55 கிலோமீட்டராக இருப்பது சிறுவழியில் 65, 70 ஆகும். மணிக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் செல்பவனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக லாரிகளின் நடுவே நான்கு மணி நேரம் குறைகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மேலை நாடுகள் சிலவற்றில் இவ்வழி தேடும் வேலையை அரசும் சங்கங்களும் செய்து கொடுத்துவிட்டன. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதை, 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாக மிதிவண்டிப் பாதையாக மாற்றப்பட்டது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாநிலத்தில் செய்தது இன்னும் எளிது. சுரங்கப் பொறியாளர் ஒருவர், சுரங்கத்தினுள் பாதைகள் கூடுமிடங்களுக்கு எண் இடும் வழக்கத்தை நிலத்தின்மேல் கொண்டுவந்தார். அமைதியான ஊர்ச்சாலைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்து, 1995-இல் பலகைகள் நாட்டினர். பயணி நான்கைந்து எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அங்கே இருந்த சாலைகளே பெரும்பாலும் பயன்பட்டன, புதியது பலகைதான். காவிரிக் கரைகளில் அத்தகைய பலகைகள் நாட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ஆனால், யாரேனும் ஒருவர் முதலில் வழிகளை ஓட்டிப் பார்த்து எழுதிவைத்திருக்கவேண்டும். அதை மாணவர்கள் செய்யலாம்.

மாணவியர்க்கும் இது பொருந்துமா என்று ஐயுறுவோர், புதுக்கோட்டையை நினைவுகொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைப்போரும் வயல்வேலை செய்வோருமாகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்று, தண்ணீர்க் குடங்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்ச்சாலைகளில் சென்றனர்.

புறப்படும் காலத்தையும் சொல்லவேண்டும். ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். கிழக்கே செல்பவனை அது முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆனால், மறுநாள் அதே காற்றை எதிர்த்துத் திரும்பவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், கூடாது. தைத் திங்கள் பிற்பகுதியில் வெயில் தணிந்திருக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவதாதலால், நீர் ஓடும் காவிரியைக் காண விரும்புவோர் அதற்குள் செல்லவேண்டும். திருச்சியிலிருந்து பூம்புகார் இவ்வழியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒரே நாளில் முடித்தோம் என்று பெருமை கொள்வதில் பொருளில்லை. விடியுமுன் எழுந்து, வெளுத்தவுடன் புறப்பட்டு, பத்து மணிக்குள் 50 கிலோமீட்டர் சென்று இளைப்பாறி, வெயில் தணிந்தபின் எஞ்சியதைச் சென்றால், முதல் நாள் கும்பகோணம். மறுநாள் பிற்பகலுக்குள் கடல்.

திரும்பும்போது கால் ஓய்ந்திருக்கும், எதிர்காற்றும் இருக்கலாம். பெருஞ்சாலையில் விரைந்து வந்துவிடலாம் என்ற ஆசை அப்போதுதான் தோன்றும். அதற்கு இடங்கொடாமல் மயிலாடுதுறையில் புகைவண்டி ஏறிவிடுங்கள். எல்லா வண்டியிலும் சரக்குப் பெட்டி இராது. எந்த வண்டியில் உண்டு என்பதை முன்னரே நிலையத்தில் கேட்டுவைத்துக்கொண்டு, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்று மிதிவண்டியைப் பதிவு செய்யவேண்டும். பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையைக் கைப்பிடியில் ஒன்றும் சட்டத்தில் ஒன்றுமாகக் கட்டுங்கள். பம்பையும் விளக்கையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.